கருவிக்குக் குற்றமுண்டா?

அடுக்களையில் கீரை அரியும் கத்தியும், நள்ளிரவில் ஒருவன் இடுப்பில் செருகிச் செல்லும் கத்தியும் ஒரே கொல்லன் பட்டறையில், ஒரே இரும்புத் துண்டிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம். முன்னது வீட்டாருக்கு உணவளிக்கிறது; பின்னது ஒரு வீட்டை இழவு வீடாக்குகிறது. இதனால்தான் பெரியோர், “குற்றம் கத்தியில் இல்லை, பிடித்த கையில் இருக்கிறது” என்று சொல்லி வந்தனர். நாமும் அதனை மறுப்பின்றி ஏற்று வந்திருக்கிறோம். செயலின் தன்மையை நிய்யத்தைக் கொண்டே எடைபோட வேண்டும் எனக் கற்றவர்கள் நாம். இரும்புக்கு ஏது நிய்யத்?

இவ்வாதம் கத்தியளவில் சரியே. ஆனால் மனிதன் ஆக்கிய கருவிகள் யாவும் கத்தியைப் போல் எளியவையா? ஒரு கருவியைத் தாளில் வரையும்பொழுதே ‘இது யாருக்காக? யார் மீது?’ என்னும் வினாக்களுக்கு விடை எழுதப்பட்டுவிடுமானால், அந்தக் கருவி குற்றமற்றது என்று நாம் கைகழுவிவிட இயலுமா? இன்னும் ஒரு படி மேலே சென்று கேட்போம். ஒரே கருவி காலையில் நஞ்சையும் மாலையில் ரொட்டியையும் சுமந்தால், மாலை நேரத்து நன்மை காலை நேரத்துத் தீமையை ஈடுசெய்துவிடுமா?

இவை வெறும் ஏட்டு வினாக்களல்ல. உலகப் போர்கள் இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தாலி நாடு உருவாக்கிய ஒரு விமானம் இவ்வினாக்களை இரத்தமும் சதையுமாக நம் முன் நிறுத்துகிறது. அதன் பெயர் காப்ரோனி 133. குண்டுவீச்சு விமானமாகவும் சரக்கு விமானமாகவும் ஒருங்கே பயன்படும்படி அமைக்கப்பட்டது அது. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு மனிதரின் இரு கனவுகள்

ஜியான்னி காப்ரோனி 1886ஆம் ஆண்டு ஆர்கோ நகரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பகுதி அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பொறியியல் பயின்ற அவ்விளைஞர் 1910ஆம் ஆண்டிலேயே தம் முதல் விமானத்தைக் கட்டிவிட்டார். பின்னர் மிலான் நகரருகே தாலியேதோவில் அவருடைய தொழிற்சாலை வளர்ந்தது. முதல் உலகப் போரில் மூன்று எஞ்சின் பூட்டிய அவருடைய பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பெயர் பெற்றன.

போர் முடிந்ததும் அவர் கண்ட கனவு வியப்பிற்குரியது. நூறு பயணிகளை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்க வேண்டும் என்பதே அக்கனவு. ஒன்பது இறக்கைகளும் எட்டு எஞ்சின்களும் கொண்ட ஒரு மாபெரும் நீர்விமானத்தை அவர் கட்டினார். 1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் மஜ்ஜோரே ஏரியின் மேல் எழும்பிய அது, தன் இரண்டாவது பறத்தலிலேயே நீரில் விழுந்து நொறுங்கியது. கண்டங்களை இணைக்க நினைத்த கனவு ஏரிக்கரையில் மரத்துண்டுகளாக ஒதுங்கியது.

அதே 1921ஆம் ஆண்டில்தான் காப்ரோனியின் நண்பரான ஜூலியோ தூஏ என்னும் இராணுவ அதிகாரி, வான் ஆதிக்கம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வருங்காலப் போர்களை வானமே தீர்மானிக்கும். பகைவரின் படையைத் தேடி அலைவதைவிட அவர்களுடைய நகரங்களையும் குடிமக்களையும் தாக்கி மன உறுதியைக் குலைப்பதே விரைவான வழி. வெடிகுண்டு, தீக்குண்டு, நச்சுக்குண்டு மூன்றும் அதற்குத் துணையாகும் என்பன அவருடைய கருத்துகள். அமைதிக் காலத்தில் பயணிகளைச் சுமக்கும் விமானம் போர் மூண்டதும் குண்டு சுமக்கத்தக்கதாக மாற வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

இந்தக் கடைசிக் கருத்தை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கருவியின் இரட்டைப் பயன் தற்செயலாக வாய்த்ததா, திட்டமிட்டு வைக்கப்பட்டதா என்னும் கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது.

வானிலிருந்து விழுந்த முதல் குண்டு

இத்தாலி வானிலிருந்து தாக்கக் கற்றது முஸ்லிம்கள் வாழ்ந்த மண்ணின் மீதுதான். 1911ஆம் ஆண்டு உதுமானியப் பேரரசின் ஆட்சியிலிருந்த லிபியாவின் மீது இத்தாலி படையெடுத்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஜூலியோ கவோத்தி என்னும் விமானி, திரிப்போலியை அடுத்த பாலைவனச் சோலைகளின் மேல் பறந்து நான்கு சிறு குண்டுகளைத் தம் கையாலேயே வீசினார். விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்ட முதல் நிகழ்ச்சியாக வரலாறு அதைக் குறிக்கிறது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மண்ணில் அதே கதை தொடர்ந்தது. 1931ஆம் ஆண்டு ஜனவரியில் குஃப்ரா சோலை வீழ்ந்தபோது, பாலைவனத்தில் தப்பி ஓடிய குடும்பங்களையும் விமானங்கள் துரத்தின. கிழக்கு லிபியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் தம் வாழ்விடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் முதியவர் உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டார்.

குடியேற்ற நாடுகளை அடக்கியாளும் இந்தத் தேவையே ஒரு புதிய வகை விமானத்தை வேண்டி நின்றது. காப்ரோனி தொழிற்சாலை முதலில் 101 என்னும் மாதிரியை அளித்தது. அதன் மேம்பட்ட வடிவமாக 1935ஆம் ஆண்டு படையில் சேர்ந்ததே 133.

வரைபடத்தில் எழுதப்பட்ட விடை

அந்த விமானத்தின் அமைப்பைக் கவனிப்போம். முன்மூக்கில் ஒன்றும் இறக்கைகளில் இரண்டுமாக மூன்று எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 460 குதிரைத்திறன் கொண்டது. இறக்கைகளின் மொத்த அகலம் 21 மீட்டருக்குச் சற்று மேல். உடற்கூடு, பற்றவைத்த எஃகுக் குழாய்களால் ஆன சட்டம். அதன்மேல் துணியும் தகடும் போர்த்தப்பட்டிருந்தன. சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை. கால்கள் எப்போதும் நீட்டியபடியே இருக்கும். வேகம் மணிக்கு 265 கிலோமீட்டரைத் தாண்டாது.

அந்நாளிலேயே இவ்வமைப்பு பழமையானதுதான். ஏனைய நாடுகள் சக்கரம் மடங்கும் முழு உலோக விமானங்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் அறிவிற் குறையாத காப்ரோனியின் பொறியாளர்கள் இதை ஏன் தேர்ந்தார்கள்?

எஃகுக் குழாய் வளைந்தால் ஆப்பிரிக்காவின் நடுக்காட்டிலும் பற்றவைத்து நிமிர்த்தலாம். துணி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். மடங்காத சக்கரம் கரடுமுரடான தரையிலும் பழுதின்றி இறங்கும். இறக்கை உடலின் மேற்புறம் அமைந்திருப்பதால் கீழே உள்ள நிலம் தடையின்றித் தெரியும். நடுவே உள்ள அறையில் குண்டுகளை அடுக்கலாம். குண்டுகளை எடுத்துவிட்டால் பதினெட்டுப் படைவீரர்களை அமர்த்தலாம். அவர்களையும் இறக்கிவிட்டால் நோயாளிகளைக் கிடத்தும் ஸ்ட்ரெச்சர்களைப் பொருத்தலாம். ஆலா லித்தோரியா என்னும் இத்தாலிய விமான நிறுவனம் இதே விமானத்தில் பயணிகளையும் ஏற்றிச் சென்றது.

சிக்கனமும் அறிவுக்கூர்மையும் நிறைந்த வடிவமைப்பு இது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதில் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. இவ்வளவு மெதுவாகப் பறக்கும் விமானம், எதிரியிடம் போர் விமானம் இருந்தால் ஒரு நாளும் தாக்குப்பிடிக்காது. ஆகவே எதிரியிடம் விமானமே இராது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. திருப்பித் தாக்க இயலாதவர் மீது பறப்பதற்கென்றே கட்டப்பட்ட பறவை இது. கத்தியைச் செய்யும் கொல்லனுக்கு அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. இந்த வரைபடத்தைத் தீட்டியவர்களுக்கோ கீழே நிற்கப்போகிறவன் யார் என்பது தெரிந்தே இருந்தது.

நஜ்ஜாஷியின் மண்ணில்

1935ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் போர்ப் பிரகடனம் ஏதுமின்றி இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. முதல் நாளிலேயே அட்வா நகரின் மீது குண்டுகள் விழுந்தன.

அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. மக்கத்துக் கொடுமைகள் தாளாத முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடிச் சென்ற ஹபஷா அதுவே. தம் சமயத்தைச் சேராத அந்த ஏதிலிகளைப் பகைவரிடம் ஒப்படைக்க மறுத்த நஜ்ஜாஷி மன்னரின் நீதியை நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறோம். அவருடைய அடக்கவிடம் இருப்பதாக மரபு கூறும் நெகாஷ் என்னும் சிற்றூர் திக்ரே பகுதியில் உள்ளது. 1935ஆம் ஆண்டு இத்தாலியப் படை முன்னேறிய வடக்குப் போர்முனையும் அதே திக்ரேதான்.

எத்தியோப்பியரிடம் விரல்விட்டு எண்ணத்தக்க சில விமானங்களே இருந்தன; போரிடத்தக்கவை என்று அவற்றுள் எதையும் சொல்வதற்கில்லை. டிசம்பர் 6ஆம் நாள் பேரரசர் ஹைலே செலாசி தங்கியிருந்த தெஸ்ஸியே நகர் தாக்கப்பட்டபோது, அங்கிருந்த அமெரிக்க மருத்துவமனையும் தப்பவில்லை. அம்மாத இறுதியில் தெக்கெஸே ஆற்றுத் துறையருகே வேறொரு பொருள் வானிலிருந்து விழத் தொடங்கியது.

அதைக் கடுகு வாயு என்பர். உண்மையில் அது வாயுவன்று. எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதை நிரப்பிய பெருங்குண்டு ஒவ்வொன்றிலும் 200 கிலோவுக்கு மேல் நஞ்சு இருந்தது. தரையைத் தொடுமுன், சுமார் 250 மீட்டர் உயரத்திலேயே அது வெடிக்கும். நஞ்சு மெல்லிய மழையாகப் புல்லின் மேலும் நீரின் மேலும் படியும். பட்ட உடனே வலி தெரியாது. சில மணி நேரம் கழித்தே தோல் கொப்புளமாகப் பொங்கும், கண் மூடிக்கொள்ளும், மூச்சுக்குழல் வெந்துபோகும். எத்தியோப்பிய வீரரும் குடியானவரும் பெரும்பாலும் வெறுங்காலர். புல்லில் நடந்தவரின் பாதம் வெந்தது. ஓடையில் நீர் மொண்டவரின் கை வெந்தது. மேய்ந்த ஆடுமாடுகளும் மடிந்தன. போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்துவதில்லை என்னும் 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை 1928ஆம் ஆண்டு முறையாக ஏற்றுக்கொண்ட நாடுதான் இத்தாலி.

டிசம்பர் 30ஆம் நாள் தெற்குப் போர்முனையில் மெல்கா திதா என்னுமிடத்தில் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவை மருத்துவக்குழுவின் கூடாரங்கள் தாக்கப்பட்டன. படுக்கையில் கிடந்த நோயாளிகள் பலர் மாண்டனர். ஸ்வீடன் நாட்டு ஊழியர் ஒருவரும் உயிரிழந்தார். சிறைப்பட்ட இத்தாலிய விமானி ஒருவரை எத்தியோப்பியர் கொன்றதற்குப் பழிக்குப் பழி இது எனக் காரணம் கூறப்பட்டது. கைதியைக் கொன்றது குற்றமே. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அக்குற்றத்திற்கும் கூடாரத்தில் காயத்தோடு கிடந்தவனுக்கும் என்ன தொடர்பு? 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோரம் சமவெளியில் பிரிட்டிஷ் மருத்துவக்குழுவின் முகாமும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதியான சுவிஸ் மருத்துவர் மர்செல் ஜூனோ, நஞ்சில் வெந்த மனிதர்களை அப்பகுதியில் நேரில் கண்டார். பின்னாளில் தம் நூலில் அதைப் பதிவு செய்தார்.

ரொட்டியும் நஞ்சும்

இனி நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்பதே நேர்மை.

மலைகளிலும் பாலையிலும் சாலை இல்லாத இடங்களில் முன்னேறிய இத்தாலியப் படைகளுக்கு உணவும் நீரும் மருந்தும் வான் வழியாகவே சென்றன. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், உலகின் கொடிய வெப்பப் பகுதிகளுள் ஒன்றான தனாக்கில் பாலையைக் கடந்து அவ்ஸா சுல்தானகத்தின் சார்தோவை நோக்கி ஒரு படைப்பிரிவு சென்றது. அதன் உயிர்நாடி விமானங்களே. உயிருள்ள ஆடுகளையும் பாராசூட் கட்டி இறக்கினார்கள் எனின், அந்த ஏற்பாட்டின் திறமையை என்னென்பது! காப்ரோனி 133க்கு மருத்துவ விமானமாகவே மாற்றியமைக்கப்பட்ட ஒரு வடிவமும் உண்டு. படைவீரர்கள் அந்த விமானத்தைச் செல்லமாகப் ‘பசு’ என்று அழைத்தார்கள். தாகத்தால் நா வறண்டு கிடந்தவனுக்கு வானிலிருந்து நீர் வந்தது. குண்டடிபட்டவன் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் கிடத்தப்பட்டான். அவனுடைய தாய் அந்த விமானத்தை வாழ்த்தியிருப்பாள். அதில் பொய்யில்லை.

அப்படியானால் கணக்கு எப்படி? ஒரு தட்டில் கொப்புளித்த பாதங்களையும், மறு தட்டில் காப்பாற்றப்பட்ட உயிர்களையும் வைத்து நிறுத்து, மீதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

இப்படி நிறுப்பதையே நாம் தவறு என்கிறோம். இரண்டு தட்டுகளிலும் வைக்கப்படுபவர்கள் வெவ்வேறு மனிதர்கள். ஒருவனுடைய தோலை உரித்துவிட்டு மற்றொருவனுக்குப் போர்வை வழங்கியவன் ‘என் கணக்கு நேர்ந்துவிட்டது’ என்று சொன்னால் எந்த காஜி ஏற்பார்? தோலை இழந்தவனிடம் அல்லவா அவன் கணக்குத் தீர்க்க வேண்டும்! மனிதருக்கு மனிதர் இழைத்த அநீதியைப் பாதிக்கப்பட்டவனே மன்னிக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பாலபாடம்.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். அந்த ரொட்டி யாருக்காக வீசப்பட்டது? படை முன்னேறுவதற்காக. படை எதற்காக முன்னேறியது? நாட்டைப் பறிப்பதற்காக. ஆக, நஞ்சு வீசியதும் ரொட்டி வீசியதும் எதிரெதிரான செயல்களே அல்ல. ஒரே செயலின் இரண்டு கைகள். வலக்கை அடித்தது, அடிப்பவன் சோர்ந்துவிடாமல் இடக்கை அவனுக்கு உணவூட்டியது.

கீழே நிற்பவன் ஏறலாமா?

‘அப்படியானால் போரில் செய்யப்படும் எந்த நன்மைக்கும் மதிப்பே இல்லையா? காயமுற்றவனைச் சுமந்த விமானியும் குற்றவாளிதானா?’ என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. இதற்கு ஓர் உரைகல்லை நாம் முன்வைக்கிறோம்.

விமானத்தின் கீழே நிற்கும் மனிதன் அதே விமானத்தில் ஏற முடியுமா? இதுவே அந்த உரைகல்.

பிரிட்டிஷ் மருத்துவக்குழுவின் தலைவர் ஜான் மெல்லி எத்தியோப்பியர்களுக்கு மருத்துவம் பார்க்கவே கடல் கடந்து வந்தார். 1936ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தலைநகரில் கலவரம் மூண்டபோது காயமுற்றோரைக் காக்கத் தெருவில் இறங்கிய அவர், கொள்ளையன் ஒருவனால் சுடப்பட்டு இறந்தார். யாருக்குப் பணி செய்ய வந்தாரோ அவர்களுள் ஒருவனின் கையாலேயே அவருக்குச் சாவு நேர்ந்தது. கருணை எதிர்த்தரப்பையும் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளும். சில சமயம் அதற்குப் பெரும் விலையும் கொடுக்கும். இத்தாலிய மருத்துவ விமானமோ தன்னவரை ஏற்றவே வந்தது. அந்த நாடு தன் விமானத்தில் செஞ்சிலுவையைத் தீட்டிப் பாதுகாப்பை எதிர்பார்த்தது; தரையில் விரித்திருந்த அதே சின்னத்தின் மீது குண்டு வீசியது. தனக்கொரு படிக்கல், பிறனுக்கொரு படிக்கல் வைத்திருக்கும் வணிகனை நாம் என்ன சொல்லி அழைப்போமோ, அதையே இங்கும் சொல்லலாம்.

காயமுற்ற தோழனைச் சுமந்த விமானியின் அன்பு பொய்யன்று. ஆனால் அது தன் குலத்தோடு நின்றுவிட்ட அன்பு. ஓநாயும் தன் குட்டியை நக்கும். மனிதனிடம் அதற்கு மேலும் எதிர்பார்க்கப்படுகிறது.

உயரம் செய்யும் கேட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். முசோலினியின் மகன் வித்தோரியோ இப்போரில் குண்டுவீச்சு விமானியாக இருந்தார். 1937ஆம் ஆண்டு தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். குதிரைவீரர் கூட்டத்தின் நடுவே குண்டு வெடித்த காட்சியை மலரொன்று விரிவதோடு ஒப்பிட்டு அதில் மகிழ்ந்திருக்கிறார். அந்த இளைஞர் பிறவியிலேயே அரக்கர் என்று நாம் கருதவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரிவதில்லை, அலறல் கேட்பதில்லை, எஞ்சினின் ஓசையே காதை நிறைக்கிறது. முகத்தை மறைத்துவிட்டால் மனச்சான்றும் உறங்கிவிடுகிறது. நஜ்ஜாஷி தம்மிடம் அடைக்கலம் புகுந்தோரை முன்னால் நிறுத்தி, முகம் பார்த்துக் கேட்டு, பிறகே தீர்ப்பளித்தார் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

அன்பளிப்பாக வந்த வாள்

இதனோடு நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எத்தியோப்பியாவில் இத்தாலிய ஆட்சி முஸ்லிம்களுக்குச் சலுகைகள் காட்டியது. 1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் முசோலினி திரிப்போலிக்கு வந்து, ‘இஸ்லாத்தின் வாள்’ என்று பெயரிட்ட ஒரு வாளைக் கையிலேந்தி, தம்மை முஸ்லிம்களின் காவலராகக் காட்டிக்கொண்டார். உமர் முக்தார் தூக்கிலேறி ஆறு ஆண்டுகள்கூட நிறைவுறாத நாட்டில் நடந்த விழா அது.

அதை நம்பியோரும் இருந்தனர். அவர்களை இகழ நமக்கு உரிமை இல்லை. நெடுநாள் ஒதுக்கப்பட்டவனுக்குக் கிடைக்கும் சிறு மதிப்பும் பெரிதாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் ஒரு சமுதாயம் கற்க வேண்டிய பாடம் இதிலுண்டு. அண்டை வீட்டான் மீது நஞ்சு தூவிய கை நமக்கு நீட்டும் இனிப்பை எப்படி ஏற்பது? அண்டை வீட்டான் வேறு சமயத்தவன் என்பதால் அந்த இனிப்பு ஹலாலாகிவிடுமா? அடைக்கலம் கொடுத்த ஹபஷா நாட்டு மன்னர் அன்று நம்மவரிடம் சமயக் கணக்குப் பார்க்கவில்லையே!

அறுபது ஆண்டுப் பொய்

1936ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், நாட்டை இழந்த பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் மேடையேறி, தம் மக்கள் மீது பெய்த நஞ்சு மழையை எடுத்துரைத்தார். இத்தாலியப் பத்திரிகையாளர் சிலர் சீழ்க்கையடித்துக் கூச்சலிட்டனர். சங்கமோ இத்தாலிக்கு எதிரான பெயரளவிலான தடைகளையும் அடுத்த மாதமே விலக்கிக்கொண்டது. அத்தடைப் பட்டியலில் எண்ணெய் தொடக்கத்திலிருந்தே இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. விமானம் பறக்க எண்ணெய் வேண்டும். அதை விற்றவர்களும் ‘நாங்கள் வணிகர்கள்தாமே’ என்றே சொல்லியிருப்பார்கள்.

காப்ரோனி 133இன் முடிவு விரைந்து வந்தது. 1940ஆம் ஆண்டு இத்தாலி உலகப் போரில் இறங்கியபோது, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த அதன் விமானங்களுள் எண்ணிக்கையில் மிகுந்தது இதுவே. இம்முறை எதிரியிடம் போர் விமானங்கள் இருந்தன. திருப்பித் தாக்க இயலாதவர் மீது பறக்கக் கட்டப்பட்ட பறவை, திருப்பித் தாக்குவோரைச் சந்தித்தபோது எளிய இரையாயிற்று. தான் ஒரு காலத்தில் பிறருக்குச் செய்ததை அதில் அமர்ந்திருந்த இளைஞர்கள் அனுபவித்தார்கள். அவர்களுக்காகவும் தாய்மார் அழுதார்கள். 1941ஆம் ஆண்டு நவம்பரில் கோந்தர் வீழ்ந்ததோடு அங்கே இத்தாலிய ஆட்சி முடிந்தது.

ஆனால் பொய்யின் ஆயுள் அதைவிட நீண்டது. நச்சு வாயுவைப் பயன்படுத்தியதே இல்லை என்னும் மறுப்பு பல பத்தாண்டுகள் நிலவியது. ஆஞ்செலோ தெல் போக்கா என்னும் இத்தாலிய வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் தேடியெடுத்து எழுதினார். தம் நாட்டாராலேயே தூற்றப்பட்டார். இப்போரில் பங்கேற்றவரும் புகழ்பெற்ற பத்திரிகையாளருமான இந்த்ரோ மொந்தனெல்லி நெடுங்காலம் அவரை மறுத்து வந்தார். 1996ஆம் ஆண்டில்தான் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் உண்மையை ஒப்புக்கொண்டது; மொந்தனெல்லியும் தம் தவற்றை ஏற்று மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்! அதற்குள் வெந்த பாதங்களுக்குரியோரில் பெரும்பாலோர் மண்ணுக்குள் சென்றுவிட்டனர்.

தம் நாட்டின் குற்றத்தைத் தாமே தோண்டியெடுத்த அந்த வரலாற்றாசிரியரைப் போற்றாமல் இருக்க முடியவில்லை. பிறர் குற்றத்தைப் பேச எல்லோருக்கும் நாவுண்டு. தம்மவர் குற்றத்தைப் பேசத்தான் நெஞ்சுரம் வேண்டும். அந்த உரம் நம்மிடையே எத்தனை பேருக்கு உண்டு என்பதையும் இவ்விடத்தில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

தொடங்கிய வினாவுக்குத் திரும்புவோம். கருவிக்குக் குற்றமுண்டா?

இரும்புக்குக் குற்றமில்லை என்பதில் நாம் உறுதியாகவே இருக்கிறோம். மறுமையில் விமானம் விசாரிக்கப்படப் போவதில்லை. ஆனால் ‘கருவி குற்றமற்றது’ என்னும் சொல்லை மனிதர் தம் குற்றத்தை ஒளிக்கும் திரையாக்கிக்கொள்வதை நாம் ஏற்க இயலாது. வரைந்தவர் ‘நான் வரைந்தேன், அவ்வளவே’ என்கிறார். கட்டியவர் ‘கூலிக்குக் கட்டினேன்’ என்கிறார். குண்டை ஏற்றியவர் ‘ஆணைப்படி ஏற்றினேன்’ என்கிறார். விமானி ‘கீழே யாரென்று தெரியவில்லை’ என்கிறார். ஆணையிட்டவரோ ‘நான் தொடக்கூட இல்லை’ என்கிறார். எல்லோருடைய கைகளும் தூய்மையாகவே இருக்கின்றன. கோரம் சமவெளியில் வெந்தவர்கள் மட்டும் வெந்தே கிடந்தார்கள். பலர் கூடிச் சுமந்தால் மூட்டையின் பாரம் குறையும். குற்றத்தின் பாரம் அப்படிக் குறைவதில்லை.

இது கடந்த காலக் கதை மட்டுமன்று. ருவாண்டா நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் ஆளில்லாச் சிறு விமானங்கள் மலைக்கிராமத்து மருத்துவமனைகளுக்கு இரத்தப் பைகளைக் கொண்டு செல்கின்றன. பிள்ளைப்பேற்றில் குருதி இழக்கும் தாய்மாரை அவை காப்பாற்றுகின்றன. ஆளில்லா விமானம் என்னும் அதே நுட்பம் வேறிடங்களில் உறங்கும் வீட்டின் கூரைமேல் குண்டையும் இறக்குகிறது. இங்கே உயரத்தில் அமர்ந்து பார்க்க விமானிகூட இல்லை. அவன் எங்கோ ஓர் அறையில் திரையின் முன் அமர்ந்திருக்கிறான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பெருந்தொகையினராகப் பொறியியல் பயில்கின்றனர். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுகின்றனர், வரைபடம் தீட்டுகின்றனர், கடல் கடந்த தொழிற்சாலைகளில் பணி புரிகின்றனர். எத்தனை ஊதியம் என்று அவர்களிடம் கேட்கிறோம். எந்த நிறுவனம் என்று பெருமையோடு பிறரிடம் சொல்கிறோம். அவர்கள் செய்யும் பொருள் எங்கே போகிறது, யார் தலைமேல் இறங்குகிறது என்று என்றேனும் கேட்டிருக்கிறோமா? அவர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம். தெரியாததைத் தெரிந்துகொள்ள முயல்வதும் கடமைதானே?

அடுத்த முறை மகனோ மகளோ விடுமுறைக்கு வீடு வரும்போது, உணவுக்குப் பின் ஓய்வாக அமர்ந்திருக்கும் வேளையில் அந்தப் பழைய காப்ரோனி விமானத்தின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். குண்டையும் ரொட்டியையும் ஒரே அறையில் சுமந்த கதையைச் சொல்லிவிட்டு, ‘நீ செய்யும் கருவியின் கீழே நிற்பவன் அதில் ஏறிக்கொள்ள முடியுமா?’ என்று கேளுங்கள். அவர்கள் உடனே விடை சொல்ல வேண்டியதில்லை. அந்த வினாவோடு அவர்கள் பணிக்குத் திரும்பினால் அதுவே போதும்.